புதிய பதிப்புக்கு முன் வர வேண்டிய குரல்

சாத்தனேரியில் வாய் ஒரு நேரமும் குரல் ஒரு நேரமுமாக ஆகிப்போயிருந்த காலத்தில், அதாவது தும்பியைச் செய்தவர் தும்பியைக் கைவிட்டுவிட்டு எங்கேயோ போய்விட, நாங்கள் பழைய தும்பியையே கட்டிக்கொண்டு மாரடித்த காலத்தில், மைக்செட் ஆறுமுகநயினார் மட்டும் பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டி, கேட்க ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மழை பெய்தாலும் வெயில் காய்ந்தாலும், விடாமல் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

தும்பி என்றால் பறக்கிற தும்பி இல்லை. கம்ப்யூட்டரில் போடுகிற ஒரு சின்ன மென்பொருள். ஒரு வகை வீடியோவைக் கொடுத்தால் இன்னொரு வகையாக மாற்றித் தரும். கேமராவில் எடுத்த கல்யாணத்தை செல்போனில் பார்க்கவும், செல்போனில் எடுத்த சடங்கை டிவியில் பார்க்கவும், சவூதியில் இருக்கிற மாமனுக்குக் கோயில் கொடை விழாவைச் சுருக்கி அனுப்பவும் அதுதான் வழி. காசு கேட்காது, விளம்பரம் காட்டாது, நீ யார் எந்த ஊர் என்று விசாரிக்காது. ஏசுவடியான் அண்ணாச்சியின் ஸ்டுடியோவில் ஆரம்பித்து ஊரில் கம்ப்யூட்டர் இருந்த இடத்திலெல்லாம் அந்த நீல இறக்கைப் படம் இருந்தது. அதைச் செய்தவர் ஆணா பெண்ணா, கிழடா குமரா, எந்த நாட்டில் எந்தச் சன்னலோரம் உட்கார்ந்து செய்தார் என்று யாருக்கும் தெரியாது. ஒருநாள் அவருடைய இணையப் பக்கத்தில் ‘இனிமேல் என்னால் முடியாது, மன்னியுங்கள்’ என்று மட்டும் இருந்தது. அதற்குப் பிறகு தும்பி மாற்றிக் கொடுத்த வீடியோக்களில் தாலி கட்டி முடித்து எல்லாரும் பந்திக்கு எழுந்த பிறகுதான் கெட்டிமேளம் கேட்டது. அண்ணாச்சி குரலைப் பிடித்து இழுத்து உதட்டோடு ஒட்டவைத்துப் பார்த்தார். காலையில் ஒட்டினால் சாயங்காலம் பிரிந்துகொண்டது.

பிறகு ஓர் ஆடி மாதச் செவ்வாய்க்கிழமை அது வீடியோவிலிருந்து ஊருக்குள் வந்தது. டீக்கடை செய்யதலி மாஸ்டர் ‘சீனி போடவா’ என்று கேட்டார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. டீயைக் குடித்து, கிளாஸைக் கழுவிக் கவிழ்த்து, மாஸ்டர் பேப்பரை விரித்து உட்கார்ந்த பிறகு, பாய்லருக்குப் பக்கத்தில் ஆளில்லாத இடத்திலிருந்து ‘சீனி போடவா’ என்று அவர் குரல் கேட்டது. அங்கிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஏசுவடியான் அண்ணாச்சி, “வீடியோவுக்கு வந்தது நமக்கும் வந்துட்டு, வேற ஒண்ணுமில்ல” என்றார். அதைச் சொன்ன குரலும் அவர் வீட்டுக்குப் போன பிறகுதான் வந்தது.

ஊர் அதைச் சீக்கிரம் பழகிக்கொண்டது. எங்கே பேசினோமோ அங்கேதான் குரல் வரும். எந்த வரிசையில் பேசினோமோ அந்த வரிசையில்தான் வரும். முன்னால் நிற்கிற பேச்சு வெளியேறாமல் பின்னால் நிற்கிற பேச்சு நகராது. மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதவர்களுக்கு ஒரு மூச்சு தாமதம், மென்று விழுங்குகிறவர்களுக்கு ஒரு போகம் விளைகிற தாமதம். வெளியூருக்குப் போனாலும் எங்கள் ஆட்களோடு அது கூடவே போனது. குரல் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், குற்றாலத்துக்கு மேலே மலைப்பாதையில் பஸ் ஏறும்போது அடைப்பதுபோல, பக்கத்தில் நிற்கிறவர்கள் காது அடைக்கும். அடைத்தால் ஒதுங்கி வழிவிட்டு நிற்பது மரியாதை என்றானது. எல்லாரும் உதட்டைப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். தடித்த மீசைக்காரர்கள், கட்டளையை யாரும் மதிக்கவில்லை என்று கண்ட எங்கள் ஏட்டையா உட்பட, மீசையை ஒதுக்கினார்கள். மறைத்துப் பேச வேண்டுமானால் ஆண்கள் துண்டையும் பெண்கள் முந்தானையையும் வாயில் வைத்துக்கொண்டார்கள். குழாயடியில் சண்டை போட்ட இரண்டு பேர் அதற்குள் சமாதானமாகிப் பூ மாற்றிக்கொண்டிருப்பார்கள், சண்டையின் குரல் அப்போதுதான் கிளம்பும். இருவரும் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் டங்கு டங்கு என்று தட்டி, தங்கள் பேச்சு தங்கள் காதிலேயே விழாமல் அமுக்குவார்கள். வேண்டாத பேச்சுக்குக் குடம் தட்டுவது எங்கள் ஊரில் நடைமுறையானது.

இதில் என்னால் வந்த இம்சை தனி. எனக்கு வாயில் ஒன்றும் நிற்காது, ஆகவே தாமதமும் கிடையாது. கூடவே ஊரில் எல்லார் குரலும் எனக்கு வரும். ரேஷன்கடைச் சுவருக்குப் பின்னால் நின்று விற்பனையாளர் குரலில் “இன்னைக்குப் பாமாயில் உண்டு” என்றால், காலையில் சொன்னது இப்போது வந்திருக்கிறது என்று நம்பி ஜனம் வரிசை கட்டும். ஏட்டையா குரலில் ஏட்டையாவுக்கே லீவு கொடுத்திருக்கிறேன். “முப்பிடாதி, உன்னை ஒருநாள் வாயைத் தைச்சுருவேன்” என்று அவர் பிறகு சொன்னதும் வெகுநேரம் கழித்து வந்தது. வந்தபோது நான் அங்கே இல்லை.

ஆனால் ஆறுமுகநயினாரின் குரலை மட்டும் நான் வெளியே எடுத்ததில்லை. அவருடைய மகள் உலகம்மாள், தாய் இல்லாமல் குழாய்களுக்கும் ஒயர்களுக்கும் நடுவில் வளர்ந்தவள், லாரி ஷெட்டில் வேலை பார்த்த வேறு சாதிப் பையன் குமரேசனைக் கட்டிக்கொண்டு பொள்ளாச்சி பஸ்ஸில் ஏறிய அன்றைக்கு, நயினார் பேருந்து நிலையத்துக்கு ஓடிவந்தார். பஸ் நகர்ந்தது. உலகம்மாள் தலையை வெளியே நீட்டினாள். நயினார் துண்டால் வாயை மூடிக்கொண்டு எதையோ சொன்னார். துண்டுக்குள் தாடை அசைந்ததை எல்லாரும் பார்த்தோம். உதட்டை யாரும் பார்க்கவில்லை. பஸ் போய்விட்டது. அன்றைக்குச் சொன்னது வரவே இல்லை. அது வராததால் அதற்குப் பிறகு அவர் பேசிய எதுவும் வரவில்லை. ஊருக்கெல்லாம் சத்தம் வாடகைக்குக் கொடுத்த மனுசன் சத்தமில்லாமல் போனார். அடுத்த நாளே அந்த நிறுத்தத்தில் ஒரு குழாயைக் கட்டிப் பாட்டுப் போட ஆரம்பித்தார். பிள்ளை போன துக்கம் என்றார்கள் சிலர். பயணிகளுக்குச் செய்கிற தர்மம் என்று பஞ்சாயத்தில் பாராட்டிப் பேசினார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் தும்பியைச் செய்தவர் திரும்பி வந்தார்.

‘மறுபடி ஆரம்பித்திருக்கிறேன். புதிய பதிப்பு வருகிறது’ என்று அவருடைய பக்கத்தில் இருந்ததை முதலில் பார்த்தவர் ஏசுவடியான் அண்ணாச்சி. அவர் ஸ்டுடியோவிலிருந்து தெருவுக்கு ஓடிவந்து கையை ஆட்டினார். உதட்டைப் படித்தவர்கள் மற்றவர்களிடம் ஓடினார்கள். கோயில் மணியும் சர்ச் மணியும் ஒரே நேரத்தில் அடித்தன. அந்தப் பக்கத்துக்குக் கீழே உலகத்தில் உள்ள எல்லா மொழியிலும் ஜனங்கள் நன்றி எழுதியிருந்தார்கள். எங்களைப் போல வேறு ஊர்களும் உண்டா என்று தெரியாது. எல்லாரும் நன்றி என்றுதான் எழுதியிருந்தார்கள், எதற்கு என்று யாரும் எழுதவில்லை. எங்கள் ஊரும் அண்ணாச்சி கடை வாசலில் வரிசையில் நின்று எழுதியது. ஏட்டையா, ‘தங்கள் மேலான சேவை தொடர வாழ்த்துகிறேன்’ என்று எழுதினார். செய்யதலி மாஸ்டர், ‘வாங்க. உடம்புக்கு ஒண்ணுமில்லையே? இத்தனை நாளு எங்க இருந்தீங்கன்னு கேக்கல, சாப்பிட்டு மெதுவா வேலையைப் பாருங்க’ என்று எழுதச் சொன்னார். ஏட்டையா எழுதியதைவிட இதுதான் நன்றாக இருக்கிறது என்று பலரும் மாஸ்டர் எழுதியதையே தங்கள் பெயரில் மறுபடி எழுதினார்கள்.

புதிய பதிப்பைப் பற்றி அவர் சொல்லியிருந்தது கொஞ்சம்தான்: ‘உதடும் குரலும் இனி ஒன்றாகப் போகும். இதுவரை வந்து சேராமல் நிற்கும் ஒலிகள் நீக்கப்படும்.’

இரண்டாவது வாக்கியத்தைப் படித்து ஊரில் பாதிப் பேர் முதல் வாக்கியத்தைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டார்கள். வரவேண்டாம் என்று வேண்டிக்கொண்டிருந்த பேச்சு ஆளுக்கு ஒன்று இருந்தது. அதிகமாகச் சந்தோஷப்பட்டவர் ஆறுமுகநயினார். பேருந்து நிலையத்திலேயே விழா வைப்போம், பந்தலும் மைக்செட்டும் என் செலவு என்று எழுதிக் காட்டினார். அண்ணாச்சியின் கம்ப்யூட்டரை மேஜை போட்டு அங்கே வைப்பது, ஊர் கூடி நிற்கும்போது புதிய பதிப்பைப் போடுவது, அதற்கு முன்னால் எல்லாரும் கொஞ்ச நேரம் வாயை மூடி நிற்பது, ஒன்றாகப் போகிற முதல் குரலைத் தெளிவாகக் கேட்க வேண்டும் அல்லவா, என்று முடிவானது. நயினார் பந்தலுக்கு மேலே கொம்புக் குழாய்களைக் கட்டிக்கொண்டிருந்தவர், வாயை மூடி நிற்பது என்றதும் ஏணியிலேயே நின்றுவிட்டார்.

விழாவுக்கு முந்தின நாள் உலகம்மாள் பொள்ளாச்சியிலிருந்து வந்து இறங்கினாள். வீட்டுக்குப் போகவில்லை. தான் பஸ் ஏறிய அதே இடத்தில் பையை வைத்துவிட்டு, தலைக்கு மேலே பாடிக்கொண்டிருந்த குழாயை நிமிர்ந்து பார்த்தாள். உதட்டைப் படித்து வாங்கிக்கொண்டதை இனிப் பேச்சாகவே எழுதுகிறேன்.

“எங்கப்பா சும்மா பாட்டுப் போடுற ஆளில்ல” என்றாள், டீ கொண்டுவந்த செய்யதலி மாஸ்டரிடம். “இது குடம் தட்டுறது. இந்தச் சத்தம் ஓயாத வரைக்கும் அன்னைக்குச் சொன்னது வெளிய வராது.”

மாஸ்டர் குழாயைப் பார்த்தார், கிளாஸைப் பார்த்தார். இத்தனை நாளும் அந்தப் பாட்டுக்குத் தாளம் போட்டுத்தான் அவர் டீ ஆற்றியிருக்கிறார். “ஆமாளா” என்றார்.

அன்றைக்கு மத்தியானம் நயினார் என்னை ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குப் பின்னால் கூப்பிட்டார்.

“ஏட்டி முப்பிடாதி. என் குரல் உனக்கு வருமா?”

“என்ன மாமா இப்படிக் கேட்டுட்டீங்க?” என்று சொல்லிவிட்டு, பழைய நாளில் அவர் கொடை விழாவில் பேசுகிற மாதிரியே, தொண்டையை ஒருதரம் செருமி, “அலோ அலோ, மைக் டெஸ்ட்டிங், பந்தல்ல நிக்கிற தாய்மார்கள் பிள்ளைங்களைக் கையில பிடிச்சுக்கிடணும்” என்றேன்.

நயினார் உட்கார்ந்துவிட்டார். துண்டை எடுத்து ஆம்ப்ளிஃபயரின் மேல்பக்கத்தைத் துடைத்தார். தூசியில்லாத இடத்தையும் துடைத்தார்.

“அதே குரல்ல ஒண்ணு சொல்லணும்” என்றார். “நாளைக்கு எல்லாரும் வாயை மூடி நிக்கும்போது, மைக்கைப் பிடிச்சு, சத்தமா. ‘நல்லா இரு தாயி’ன்னு. வேற ஒண்ணும் வேண்டாம்.”

“அப்ப அன்னைக்கு நீங்க சொன்னது அது இல்லையா மாமா?”

நயினார் துண்டால் வாயை மூடிக்கொண்டார்.

நான் சரி என்றேன். என் ஆயுசில் ஊர் முழுக்கக் கேட்கப்போகிற குறும்பு அது. அதிலும் குரலுக்கு உரியவரே கேட்டுச் செய்கிற குறும்பு. சைக்கிளை மிதித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிற வழியில் ‘நல்லா இரு தாயி’யை அவர் குரலில் பலவிதமாகச் சொல்லிப் பார்த்தேன், கொஞ்சம் கரகரப்பாக, கொஞ்சம் தழுதழுப்பாக. நிறுத்தத்தைக் கடக்கும்போது உலகம்மாள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“நீதான எல்லார் குரலும் பேசுற பிள்ள?”

“ஆமாக்கா.”

“எங்கப்பா உன்னையக் கூப்பிட்டாரா?”

நான் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டேன். அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பின் சத்தம் வரவில்லை.

“நல்லதா ஒண்ணு சொல்லச் சொல்லியிருப்பாரு. நாளைக்குப் புதுசு வந்த பிறகு அவரே நல்லதாச் சொல்லுவாரு. நல்லத யாரும் சொல்லலாம்ளா. எனக்கு வேண்டியது அன்னைக்குள்ளது. அந்தத் துண்டுக்குப் பின்னால என்ன இருந்துதுன்னு நான் போட்டுப் பாக்காத வார்த்தை இல்ல. அடுப்புல நிக்கும்போது ஒண்ணு, பிள்ளையக் குளிப்பாட்டும்போது ஒண்ணு. அவரு திட்டியிருந்தா ஒருதரம்தான் திட்டியிருப்பாரு. நான் அவரு வாயால தெனம் தெனம் திட்டு வாங்குதேன். நாளைக்கு அதை அழிச்சுட்டாங்கன்னா, சாகுற வரைக்கும் இதுதான்.”

அடுத்த நாள் காலையில் பேருந்து நிலையம் கொள்ளவில்லை. ‘திரும்பி வந்த தும்பியே வருக’ என்று தட்டி வைத்திருந்தார்கள். மேஜையில் அண்ணாச்சியின் கம்ப்யூட்டர். திரையில் நீல இறக்கை. அதற்குக் கீழே ‘புதிய பதிப்பை நிறுவவா?’ என்ற கேள்வி. ஏசுவடியான் அண்ணாச்சி குளித்து, கழுத்தில் ஜெபமாலையைப் போட்டுக்கொண்டு வந்து, மௌஸின் மேல் கையை வைத்தார். ஏட்டையா கையைத் தூக்கி எல்லாரையும் அமர்த்தினார். பிள்ளைகளின் வாயைத் தாய்மார்கள் பொத்தினார்கள். பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் நின்ற நயினார் எதையோ தேடுகிறவர்போலக் குனிந்துகொண்டார். உலகம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அப்பாவும் மகளும் பஸ் போன நாளுக்குப் பிறகு அவ்வளவு பக்கத்தில் நின்றது அன்றைக்குத்தான். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. எந்தத் திருகு எதற்கு என்று தெரிந்த கை, பாட்டுக்கு உள்ளதை மட்டும் இறக்கியது, மைக்குக்கு உள்ளதை விட்டுவைத்தது. பிறகு போய்த் தன் இடத்தில் நின்றுகொண்டாள்.

நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு அவளுக்கு எதிரே நின்றேன். நயினார் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன்.

காது அடைத்தது.

எனக்கு மட்டும் இல்லை, முன்னால் நின்ற அத்தனை பேரும் காதில் கைவைத்து, பழக்கதோஷத்தில் ஓர் அடி பின்வாங்கி வழிவிட்டார்கள். நான் ‘நல்லா’ என்று ஆரம்பிக்கும்போது உலகம்மாள் என் வாய்க்கு முன்னால் உள்ளங்கையை வைத்துவிட்டாள். ஆளில்லாத இடத்திலிருந்து, மைக்குக்குள் நேராக, கொம்புக் குழாய்கள் வழியாக ஊர் முழுக்க ஆறுமுகநயினாரின் குரல் வந்தது.

“எனக்கு மக செத்துட்டா. என் வாசல்ல இனி உன் நிழல் விழக்கூடாது.”

குடம் கொண்டுவந்தவர்கள்கூடத் தட்டவில்லை. நயினார் துண்டை முகம் முழுக்க மூடிக்கொண்டார். உலகம்மாள், வெகுநாள் வரவேண்டிய பார்சலைக் கையெழுத்துப் போட்டு வாங்குகிறவள்போல, ஒருதரம் தலையை ஆட்டினாள்.

“வந்துட்டு” என்றது அவள் உதடு. “போட்டுக்கிடுங்க அண்ணாச்சி.” குனிந்து பையை எடுத்தாள்.

அண்ணாச்சியின் விரல் மௌஸில் இறங்கப்போனது. எனக்குக் காது இன்னும் அடைத்தபடியே இருந்தது. அடுத்தவர் குரலைத் திருடுகிறவளுக்கு, ஒரு குரல் முடிந்ததா முடியவில்லையா என்பது மற்றவர்களுக்கு முன்னால் தெரியும். மைக்கில் ஏட்டையா குரலில், “யாரும் கையை வைக்கப்படாது! நில்லுங்க அங்கனயே!” என்று போட்டேன். அண்ணாச்சி கையை எடுத்துவிட்டார். ஏட்டையாவும் அட்டென்ஷனில் நின்றுவிட்டார்.

அந்த நிசப்தத்தில் அது வந்தது. முதல் குரல்போல இல்லை. பஸ் போன பிறகு, யாருக்கும் கேட்க வேண்டும் என்று இல்லாமல், காலி ரோட்டைப் பார்த்துச் சொன்னது.

“ஜன்னலோரம் உக்காரு தாயி. வண்டி வளைஞ்சா உனக்கு வாந்தி வரும்லா… டிரைவரய்யா, பையப் போங்க, பிள்ள இருக்கு… ஒரு எலுமிச்சம்பழம்கூட வாங்கிக் குடுக்கலையே நான்.”

உலகம்மாள் பையைக் கீழே வைத்தாள்.

பிறகு காது அடைப்பு நகர்ந்தது. முன்னால் நின்றவர்களுக்கு விலகி, டீக்கடைப் பக்கம் நின்றவர்களுக்கு அடைத்தது. அன்றைக்கு நயினார் வீட்டுக்கு நடந்துபோன வழியே, அவர் எங்கெங்கே நின்று என்னென்ன சொன்னாரோ அங்கங்கே, மடை திறந்த மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகக் குரல் கிளம்பியது. டீக்கடை வாசலில், “மாஸ்டர், பஸ்ஸு போயிட்டு.” ஊர் நுழைவு வளைவுக்குக் கீழே, “அந்தப் பையன் சாப்பாடு போடுவானா?” உலகம்மாள் அதன் பின்னால் நடந்தாள், அவள் பின்னால் நான், மாஸ்டர், ஏட்டையா, தட்டி பிடித்திருந்தவர்கள், வாய் பொத்தப்பட்ட பிள்ளைகள், சப்பரத்துக்குப் பின்னால் போவதுபோல ஊரே அந்தக் குரலுக்குப் பின்னால் போனது. செருப்புச் சத்தம்கூடக் கேட்கக் கூடாது என்று எல்லாரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டோம். நயினார் கடைசியில், தன் குரலுக்கே பயந்தவராக, துண்டை முகத்திலிருந்து எடுக்காமல் வந்தார்.

அவர் வீட்டு வாசலில் குரல் நின்றது. “யாரு இருக்கான்னு திறக்கேன்” என்றது. பிறகு உள்ளே போய்விட்டது.

ஊர் வெளியே நின்றுகொண்டது. அதற்கு மேல் போவது மரியாதை இல்லை. உலகம்மாள் வாசலைப் பார்த்து, தன் நிழல் எங்கே விழுகிறது என்று குனிந்து பார்த்தாள். நயினார் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்து, சாவியை எடுத்துத் திறந்து, ஒதுங்கி நின்றார். நிழலோடு அவள் உள்ளே போனாள்.

ஏசுவடியான் அண்ணாச்சி பேருந்து நிலையத்தில் தனியாக இருந்தார். ‘நிறுவவா?’ என்று திரை கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் மௌஸை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, தும்பியைச் செய்தவரின் பக்கத்தைத் திறந்து, வரவேற்புகளுக்கெல்லாம் கீழே எழுதினார்: ‘புதிய பதிப்புக்கு நன்றி. கட்டாயம் போடுவோம். எங்கள் ஊரில் ஒருவர் இன்னும் பேசி முடிக்கவில்லை, அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.’

அதை அவர் எழுதிய நேரத்தில், நயினார் வீட்டுச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் காது லேசாக அடைத்தது. அடுக்களையில், ஆளில்லாத அடுப்பங்கரையிலிருந்து, பதில் வராது என்று தெரிந்தே கேட்கிற ஒரு குரலில், நயினார் கேட்டார்.

“உலகு, உப்ப எங்கட்டி வெச்ச?”

உலகம்மாள் அடுப்பைப் பார்த்து நின்றாள். பிறகு, கதவோரம் நின்ற அப்பாவின் பக்கம் திரும்பி, அவர் படிக்கட்டும் என்று உதட்டை மெதுவாக, நிறுத்தி நிறுத்தி அசைத்தாள்.

“மேல்தட்டுல. மஞ்சள் டப்பாவுக்குப் பின்னால.”

நயினார் முகத்திலிருந்து துண்டை எடுத்தார். போய்க் கையை விட்டுத் துழாவினார். உப்பு ஜாடி அங்கேதான் இருந்தது.